கசிவு நின்றால் போதுமா? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சிறு விமானங்களின் எரிபொருள் டேங்க் பற்றி எழுதியபோது, “கசிவைவிட அதை அடைத்த விதமே சில வேளைகளில் பெரிய ஆபத்தாகிவிடும்” என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியை விளக்கச் சொல்லி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. படகு எஞ்சினோடும் உப்புக்காற்றோடும் புழங்குகிறவர்களின் கேள்விகள் என்பதால் சிலவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: நெடுநாளாக விசைப்படகு எஞ்சின் வேலை செய்கிறேன். டீசல் டேங்க் ஒழுகினால் அந்த இடத்தைச் சுரண்டி, எம்-சீல் போன்ற இரண்டு பகுதிப் பசையைக் கலந்து பிசைந்து அப்பிவிடுவோம். ஒரு பருவம் தாராளமாகத் தாங்கும். விமானப் பராமரிப்புப் படிக்கும் என் தங்கை மகன், “அந்த வேலையெல்லாம் விமானத்தில் ஆகாது மாமா” என்கிறான். டேங்க் என்றால் டேங்க்தானே, ஏன் ஆகாது?
— வாசகர், மண்டபம்

பதில்: உங்கள் மருமகன் சொல்வது சரி. படகில் டேங்க் தனிப் பெட்டியாக ஓரிடத்தில் அசையாமல் இருக்கிறது. சிறு விமானங்கள் பலவற்றில் டேங்க் என்று தனியாக எதுவுமே இல்லை. இறக்கையின் மேல் தகடும் கீழ்த் தகடும் உள்ளே நிற்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து அடைக்கும் இடமே டேங்க். தொழிலில் இதை ‘வெட் விங்’ என்பார்கள். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது, தரை இறங்கும்போது மீள்கிறது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் ஒவ்வொரு வரிசையிலும் மிக நுண்ணிய அசைவு இருந்துகொண்டே இருக்கும். இதைத் தாங்குவதற்காகத்தான் அங்கே பாலிசல்பைடு என்னும் ரப்பர் தன்மையுள்ள சீலன்டை, அதாவது இடுக்குகளை அடைக்கும் பூச்சைப் பூசுகிறார்கள். நீங்கள் பிசையும் பசையோ உலர்ந்ததும் கல்லாக இறுகிவிடும். தகடு வளையும்போது அது வளையாது. ஓரத்தில் மயிரிழை அளவு விண்டுவிடும், அந்த விரிசல் வழியே பெட்ரோல் பசைக்கு அடியில் பரவும். வெளியே ஒழுகுவதற்கு முன்பே பசையின் பிடிப்பு போய்விடும்.

சிலிக்கான் பசையால் அடைப்பவர்களும் உண்டு. அதன் கேடு வேறு வகையானது. சாதாரண சிலிக்கான் பெட்ரோலை உறிஞ்சி ஊதி, தகட்டை விட்டுக் கழன்றுவிடும். கழன்ற துண்டு டேங்கிலேயே கிடந்தால் பரவாயில்லை. எரிபொருள் போகும் பக்கமே அதுவும் போகும். டேங்கின் வெளிவாயில் விரல் வடிவில் ஒரு வலைச் சல்லடை இருக்கும். ஒரு நகத்தின் அகலமுள்ள சீலன்ட் தோல் அதன்மேல் படிந்தால், தரையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. முழு வேகம் கொடுத்து மேலேறும்போது எஞ்சினுக்கு வேண்டிய அளவு எரிபொருள் வராது. படகில் எஞ்சின் நின்றால் நங்கூரம் போட்டுவிட்டு வடிகட்டியைக் கழற்றிக் கழுவலாம். தென்னை உயரம் ஏறியிருக்கும் விமானத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. இத்தனைக்கும், கசிவு நின்றுவிட்டது என்பதால் அந்த விமானம் சரியாகிவிட்டது என்றே எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: கடற்படையின் பருந்து தளத்து விமானங்களைப் பார்த்து வளர்ந்து, இப்போது விமானப் பராமரிப்புப் படிக்கிறேன். நான் பயிற்சி பெறும் இடத்தில் ஒரு விமானத்தின் இறக்கைக்குக் கீழே, ஒரு ரிவெட்டைச் சுற்றி நீலக் கறை இருந்தது. அந்த ரிவெட்டின் மேல் வெளியிலிருந்தே சீலன்ட் தடவிவிட்டார்கள். கறை நின்றது, பிறகு ஒரு முழம் தள்ளி வேறொரு ரிவெட்டில் வந்தது. காரணம் என்ன?
— மாணவர், உச்சிப்புளி

பதில்: உங்கள் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. சிறு விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்ப்பார்கள். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் சாயம் தகட்டில் தங்கிவிடும். ஆனால் கறை காட்டுவது பெட்ரோல் வெளியேறும் இடத்தை மட்டுமே. உள்ளே அது கசியத் தொடங்கிய இடம் வேறாக இருக்கலாம். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்கில் பெட்ரோல் புகுந்து, அந்த இடுக்கு வழியே நடந்து, தளர்ந்த முதல் ரிவெட்டில் தலைகாட்டும். அந்த வாயிலை அடைத்தால் அடுத்த வாயிலுக்குப் போகும். இடையில் அந்த இடுக்கில் தேங்கிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதில் மோசமான பகுதி.

சீலன்ட் உள்ளிருந்து போடப்பட வேண்டியது. பெட்ரோலின் அழுத்தம் சீலன்டைத் தகட்டோடு சேர்த்து அழுத்தும். வெளியிலிருந்து போட்டால் அதே அழுத்தம் அதைப் பெயர்த்துத் தள்ளும். ஆகவே டேங்கை வடித்து, ஆவி நீக்கி, மூடித் தகட்டைத் திறந்து, கசியும் இடத்தில் பழைய சீலன்டை இரண்டு பக்கமும் நல்ல பகுதி வரை எடுத்து, கரைப்பானால் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். துடைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பாடப் புத்தகத்தில் ஒரே வரியாக வருவதால் மாணவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். கரைப்பான் தானாக உலரும் முன்பே வேறொரு சுத்தமான துணியால் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். தானாக உலரவிட்டால், அது கரைத்த எண்ணெய்ப் பிசுக்கு மெல்லிய படலமாக அதே இடத்தில் மீண்டும் படியும். அதன்மேல் எவ்வளவு நல்ல சீலன்ட் பூசினாலும் சில மாதங்களில் தோல்போல உரிந்து வரும்.

கசிவின் அளவை முடிவு செய்யவும் முறை உண்டு. இடத்தைத் துடைத்துவிட்டு 30 நிமிடம் காத்திருந்து ஈரம் பரவிய அகலத்தை அளக்க வேண்டும். முக்கால் அங்குலம் வரை வெறும் கறை, ஒன்றரை அங்குலம் வரை கசிவு, 4 அங்குலம் வரை பலத்த கசிவு, சொட்டினாலோ வழிந்தாலோ ஓடும் கசிவு. முதல் மூன்றும் காற்றோட்டமுள்ள திறந்த பரப்பில் இருந்தால் கண்காணித்துக்கொண்டு பறக்க இடமுண்டு. ஓடும் கசிவு எங்கிருந்தாலும், விமானத்தின் மூடிய உள்ளறைக்குள் எவ்வளவு சிறிய கசிவாக இருந்தாலும், சரிசெய்யும் வரை விமானம் தரையை விட்டு எழக் கூடாது. கறையாக இருந்ததை வெளியில் அடைத்து, மின்கம்பிகள் ஓடும் உள்ளறைக்குத் திருப்பிவிடுவதைவிடக் கறையாகவே விட்டிருக்கலாம்.

கேள்வி: கறையின் மேல் பெயின்ட் அடித்துவிட்டால்?
— வாசகர், ஏர்வாடி

பதில்: கறை மறையும். அடுத்த முறை பார்ப்பவருக்கு இருந்த ஒரே தடயமும் மறையும்.

கேள்வி: பாம்பன் பாலத்தையே உப்புக்காற்று தின்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்கிறார்களே, எங்கள் பக்கத்துக் காற்று விமான டேங்கையும் கெடுக்குமா?
— வாசகர், பாம்பன்

பதில்: கெடுக்கும், சரியாகச் செய்த வேலையைவிடத் தவறாகச் செய்த வேலையை வேகமாகக் கெடுக்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகங்கள் அரிப்பதை ஆராய மண்டபத்தில் ஒரு சோதனைக் களம் வைத்திருக்கிறது என்பதிலிருந்தே உங்கள் காற்றின் குணத்தைத் தெரிந்துகொள்ளலாம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைப் பராமரித்தவர்களுக்கும் அது தெரியும்.

அலுமினியம் இரும்பைப் போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஊசிக் குத்தாகக் குழிவிழும். இறக்கைத் தகடு உறுதியான கலப்பு உலோகம், ஆனால் உப்புக்கு எளிதில் இரையாவது. அதனால் அதன் இரு முகத்திலும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாகப் பொதிந்திருப்பார்கள். படலத்தின் கனம் தகட்டின் கனத்தில் 5 விழுக்காடு அளவே, 0.8 மி.மீ. தகட்டில் அது 0.04 மி.மீ., தலைமுடியைவிட மெல்லியது. பழைய சீலன்டைக் கழற்றப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியைத்தான் எடுக்க வேண்டும். அவசரத்துக்கு எஃகுச் சுரண்டியையோ கம்பி பிரஷையோ எடுத்தால் இரண்டு இழுப்பில் அந்தப் படலம் போய்விடும். அதன்மேல் சீலன்ட் பூசினால், அடியில் நடக்கும் அரிப்பைச் சீலன்டே மூடி மறைக்கும்.

ரிவெட்டிலும் இதே கதை. பின்பக்கம் கை போகாத இடத்தில், ஒரே பக்கத்திலிருந்து அடிக்கக்கூடிய, கடையில் கிடைக்கும் பாப் ரிவெட்டை அடித்துவிடுவார்கள். அதன் நடுவில் ஒடிந்து தங்கும் தண்டு பெரும்பாலும் எஃகு. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவே உப்பு ஈரமும் இருந்தால், அது ஒரு சிறு மின்கலம். அதில் கரைவது அலுமினியம்தான். போதாததற்கு, சாதாரண பாப் ரிவெட்டின் நடுத்துளை வழியாகவே பெட்ரோல் கசியும்.

வேலை செய்யும் நேரமும் முக்கியம். இரண்டு பகுதிகளைக் கலந்த கணத்திலிருந்தே சீலன்ட் இறுகத் தொடங்கும். வெப்பமும் ஈரமும் கூடினால் இன்னும் வேகமாக இறுகும். 25 டிகிரியில் இரண்டு மணி நேரம் பூசக்கூடியதாக இருக்கும் சீலன்ட், ஐந்தரை டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒரு மணி நேரமே தாங்கும். சித்திரை மாதத்து நண்பகலில் 36 டிகிரியில் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. பாதி இறுகிய சீலன்டை வீணாக்க மனமில்லாமல் பூசி முடிப்பவர்கள்தான் இங்கே அதிகம். அது தகட்டில் ஒட்டாது, சும்மா உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: துபாயில் இருக்கும் என் மைத்துனர் வார இறுதிகளில் விமானம் ஓட்டப் பழகுகிறார். அவர் பழகும் விமானத்தில் டேங்க் ரிப்பேர் நடந்தது. அதன்பின் ஒருநாள், பெட்ரோல் இருப்பதாக மீட்டர் காட்டியும் எஞ்சின் தடுமாறியது. நல்லவேளையாக ஓடுபாதை பக்கத்தில் இருந்ததாம். பெட்ரோல் இருந்தும் எஞ்சின் எப்படித் தடுமாறும்?
— வாசகர், கீழக்கரை

பதில்: அந்த விமானத்தைப் பார்க்காமல் இன்னதுதான் காரணம் என்று சொல்வது முறையாகாது. இப்படி நடக்க எங்கெல்லாம் வழி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது வென்ட் என்னும் காற்றுக்குழாயை. டேங்கிலிருந்து எரிபொருள் வெளியேற வேண்டுமானால் அந்த அளவு காற்று உள்ளே வர வேண்டும். செஸ்னா 152 போன்ற பயிற்சி விமானம் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். சீலன்ட் பூசும்போது ஒரு துளி வென்டின் உள்வாயில் விழுந்து இறுகிவிட்டாலோ, வேலையின்போது தூசி போகாமல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டாலோ, முதல் சில நிமிடங்கள் எதுவும் தெரியாது. பிறகு டேங்குக்குள் வெற்றிடம் கூடக்கூட எரிபொருளின் ஓட்டம் குறைந்து எஞ்சின் நிற்கும். தரையிறங்கி மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே இழுபடும். அந்தச் சத்தம் கேட்டால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. செஸ்னாவின் இவ்வகை விமானங்களில் வென்ட் குழாய், இறக்கையைத் தாங்கும் சாய்வுச் சட்டத்தின் பின்னே குறிப்பிட்ட இடத்தில் நிற்க வேண்டும். அதை வளைத்தோ தள்ளியோ பொருத்தினால் அதுவும் கோளாறுதான்.

அடுத்தது, டேங்க் ரப்பர்ப் பையாக இருக்குமானால் வருவது. 1978 வரை வந்த செஸ்னா 182 விமானங்களில் இத்தகைய பைகள் உண்டு. பையை இறக்கைக்குள் விரித்துக் கொக்கிகளில் மாட்டுவார்கள். ரிப்பேருக்காகக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது மேல்கொக்கிகள் சில விட்டுப்போனால் பை தொங்கிச் சுருங்கும். கொள்ளளவு குறையும், எரிபொருள் மட்டத்தை மீட்டருக்குச் சொல்லும் மிதவை மட்டும் மேலே நின்று மீட்டரில் நிறைவாகக் காட்டும். பையின் அடியில் மடிப்பு விழுந்தால் அதன் பின்னே தண்ணீர் தேங்கும். வடிகுழாயைத் திறந்து பார்த்தால் சுத்தமான பெட்ரோலே வரும். விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது அந்தத் தண்ணீர் மடிப்பைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும். இதற்காகவே 1984-இல் அமெரிக்க விமானத்துறை அமைப்பு மடிப்புகளைச் சோதித்து நீக்கச் சொல்லிக் கட்டாய உத்தரவு பிறப்பித்தது. வெட் விங்கிலும் இதே கேடு வேறு வழியில் வரும். குறுக்குச் சட்டங்களின் அடியில், எரிபொருளும் தண்ணீரும் தாழ்ந்த இடத்துக்கு வழிந்து வருவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். தாராளக் கை கொண்டவர் ஒருவர் சீலன்டை அள்ளிப் பூசி அவற்றை மூடிவிட்டால், ஒவ்வொரு அறையிலும் தனித்தனியாகத் தண்ணீர் நிற்கும். புதிய செஸ்னா 172எஸ் விமானத்தில் 13 வடிகுழாய்கள் இருக்கின்றன. துளை அடைபட்டால் பதின்மூன்றையும் திறந்தும் பயனில்லை.

உங்கள் மைத்துனரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ரிப்பேருக்குப் பிந்தைய முதல் சில பறத்தல்களில் மீட்டரை நம்பாமல், அளவுக்குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கேள்வி: கேஸ் வெல்டிங்கும் ஆர்கான் வெல்டிங்கும் செய்கிறேன். விமான அலுமினிய டேங்கை வெல்டு செய்ய முடியுமா?
— வாசகர், தொண்டி

பதில்: கழற்றி வெளியே எடுக்கக்கூடிய தனி அலுமினிய டேங்க் வெல்டிங்குக்கு ஏற்ற உலோகத்தால் ஆனதாக இருந்தால் முடியும். ஆனால் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் பொறுப்பில், விமானத் தயாரிப்பாளரின் கைநூல் அனுமதிக்கும் முறையில்தான் செய்யலாம். வெட் விங்கின் தகட்டில் மட்டும் எக்காரணம் கொண்டும் டார்ச்சைக் காட்டக் கூடாது. அந்த உலோகத்தின் வலிமை தொழிற்சாலையில் சூடாக்கிக் குளிர்வித்துக் கொடுத்தது. உங்கள் சுடர் பட்ட இடத்தில் அது போய்விடும்.

காலி டேங்கில் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் வெடிக்கும். வடித்துவிட்ட டேங்கில் ஓரங்களிலும் மடிப்புகளிலும் மிஞ்சிய ஈரமே அதற்குப் போதும். சோப்பு கலந்த வெந்நீரில் அலசி, பிறகு நீராவியை நெடுநேரம் செலுத்தி, ஆவி அளக்கும் கருவியால் சோதித்த பின்புதான் சுடரைப் பற்ற வைக்க வேண்டும். முகர்ந்து பார்ப்பது சோதனை ஆகாது.

வெல்டு முடிந்த பிறகு வரும் கேட்டைப் பலர் அறிவதில்லை. கேஸ் வெல்டிங்கில் உலோகம் நன்றாக இணைவதற்காகப் பயன்படுத்தும் பிளக்ஸ் என்னும் பொருள் உப்பு வகை. கழுவாமல் விட்டால் உங்கள் கடல் செய்கிற வேலையை அது டேங்குக்குள்ளேயே செய்யும். வெந்நீரில் கழுவி, 5 விழுக்காடு நைட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஒரு மணி நேரமாவது வைத்திருந்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசிய நீரில் அமிலம் சேர்த்த சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டு விட்டால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியக் கூடாது. படிந்தால் பிளக்ஸ் இன்னும் இருக்கிறது. இதற்கு உங்கள் ஊர்க் கிணற்று நீரை எடுத்தால் அதில் உள்ள உப்பே வெள்ளையாகக் காட்டிவிடும், காய்ச்சி வடித்த நீரில் சோதியுங்கள். ஆர்கான் வெல்டிங்கில் பிளக்ஸ் தேவையில்லை என்பதால் இந்தத் தொல்லையும் இல்லை.

கேள்வி: நான் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். டேங்கில் காற்றடித்துச் சோப்பு நுரை போட்டுப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடுமே?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: விமானத்திலும் அதே யோசனைதான், காற்றின் அளவுதான் வேறு. செஸ்னாவின் சிறு விமானங்களுக்கான கைநூல் கேட்பது சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு அழுத்தம் மட்டுமே. மீட்டர் முள் அசையக்கூட யோசிக்கும் அளவு அது. ஆகவே U வடிவில் வளைத்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, இரு பக்க நீர்மட்டமும் 35 செ.மீ. வேறுபடும் வரை மெல்லக் காற்று விடுவார்கள். அதற்கு மேல் போனால் தண்ணீர் வெளியே கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் ஒரு பாதுகாப்பு.

உங்கள் கம்ப்ரசரை மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு அழுத்தம் என்பது 30 செ.மீ. சதுரத் தகட்டின்மேல் 63 கிலோ பாரம். கார் டயருக்கு விடும் 30 பவுண்டை விட்டால் அதே சதுரத்தின்மேல் ஏறக்குறைய 1,900 கிலோ. காற்றுக்குழாயை ஒரே ஒரு நொடி அழுத்திவிட்டு எடுத்தாலும் தகடு உப்பும், ரிவெட் துளைகள் நீளும், சீலன்ட் எங்கெங்கோ விட்டுப்போகும். ஒரு கசிவைத் தேடப்போய் இறக்கையையே மாற்ற நேரிடும். வெளிப்பார்வைக்கு அந்த உப்பல் தெரியாமலும் போகலாம். மாலை வெயில் சாய்வாக விழும்போது இறக்கையின் மேல் பார்வையை ஓட்டினால் தகட்டில் தலையணை போன்ற மேடுகள் தெரியும்.

கேள்வி: அல்ட்ராலைட் என்னும் மிக இலகுவான சிறு விமானங்களில் பங்க் பெட்ரோலையே ஊற்றுகிறார்களாம். அது டேங்க் ரிப்பேரைப் பாதிக்குமா?
— வாசகர், இராமேஸ்வரம்

பதில்: பாதிக்கும். இப்போது நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. இவ்வகை விமானங்களில் மிகுதியாகக் காணப்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு அதன் தயாரிப்பாளர் அனுமதித்திருப்பது 10 விழுக்காடு வரைதான். எஞ்சினை விடுங்கள், டேங்கைப் பார்ப்போம். பழைய டேங்குகளில் கசிவை அடைக்க, உள்ளே ஒரு திரவத்தை ஊற்றிக் குலுக்கி எல்லாப் பக்கமும் படிய வைக்கும் வழக்கம் இருந்தது. எத்தனால் பட்டால் அந்தப் பூச்சு இளகி, தோல் தோலாக உரிந்து சல்லடையில் சேரும். கண்ணாடியிழை (ஃபைபர்) டேங்கில் தவறான பிசினால் ஒட்டுப் போட்டிருந்தால் அந்த ஒட்டும் மெத்தென்று ஆகிவிடும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். தீவின் ஈரக்காற்றில் பாதி காலியான டேங்கோடு நாள்கணக்கில் நிறுத்தி வைப்பது இதற்கு வழிவிடுவதாகும்.

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வாங்க யோசிக்கிறோம். டேங்கில் முன்பு தவறான வேலை நடந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், பனைக்குளம்

பதில்: உங்களுக்கென்று ஒரு உரிமம் பெற்ற பொறியாளரை அழைத்துப் போங்கள், விற்பவர் காட்டும் பொறியாளர் போதாது. டேங்க் நிறைந்த நிலையில் ஓரிரவு நிறுத்தி வைத்து, காலையில் கீழ்த்தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பாதி டேங்கில் மேல்பகுதிக் கசிவுகள் தெரியாது. சல்லடையைக் கழற்றி அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரப்பர் துணுக்கோ, வெளிறிய தோலோ, வெள்ளைப் பொடியோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால் சீலன்ட் சாம்பல் அல்லது கருநிறத்தில் ஒரே சீராக இருக்க வேண்டும்; கண்ணாடி போன்ற பசையோ இரண்டு மூன்று நிறமோ தெரிந்தால் பலர் கை பட்ட டேங்க் அது. ரப்பர்ப் பையாக இருந்தால், விமானம் காலி டேங்கோடு எத்தனை காலம் கிடந்தது என்பதையும் விசாரியுங்கள். பெட்ரோல் இல்லாமல் காயும் பை வெடிப்பு விடும், அதனால்தான் நெடுநாள் காலியாக வைப்பதானால் உட்புறம் எஞ்சின் ஆயில் தடவச் சொல்கிறார்கள்.

கடைசியாகப் பராமரிப்புப் பதிவேடு. “டேங்க் கசிவு சரி செய்யப்பட்டது” என்ற ஒற்றை வரி எதையும் சொல்வதில்லை. எந்த இடம், எந்தச் சீலன்ட், கைநூலின் எந்தப் பகுதியின்படி, எவ்வளவு அழுத்தத்தில் சோதித்தது, யார் கையொப்பமிட்டது என்பவை இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் டேங்கைத் திறந்து பார்த்துச் சரிசெய்யும் செலவையும் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். விற்பவர் அதற்கு ஒப்பாவிட்டால் வேறு விமானத்தைப் பாருங்கள்.